சும்மா இருந்த கைகள்

என் முதல் கவிதைத் தொகுப்பில் ஓர் ஒயர் கூடை இருக்கிறது. சுவரில் ஆணியில் மாட்டிய காலிக் கூடை. அதன் சிவன் கண் முடிச்சுகளின் இடைவெளியில் வெயில் நுழைந்து தரையில் புள்ளி புள்ளியாக விழுகிறது. அதைப் பார்க்கும் பெண் தன் தனிமையை அந்த ஓட்டைகளில் காண்கிறாள். எழுதியபோது எனக்கு இருபத்தாறு வயது. படித்தவர்கள் பலரும் இந்தக் கவிதையைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

புத்தகம் கைக்கு வந்ததும் பெண்ணாடத்துக்குப் போய் அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். கூடை அவள் பின்னியது. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தக் கூடைக்கு எத்தினி நாள் புடிச்சுது, என்னா குடுத்தாங்கன்னு ஒண்ணுமே எழுதலியே பாப்பா" என்றாள்.

அன்று சிரித்தேன். பின்னாளில் வகுப்பில் இதை வேடிக்கையாகச் சொல்லி மாணவிகளையும் சிரிக்க வைத்திருக்கிறேன். இப்போது அந்தத் தொகுப்பு மறுபதிப்புக்குப் போகிறது. மெய்ப்புத் திருத்த உட்கார்ந்தபோது அந்தப் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. என் கவிதைகளுக்கு வந்த மதிப்புரைகளில் மிகக் கூர்மையானது அம்மாவுடைய அந்த ஒற்றை வாக்கியம்தான் என்று தாமதமாகப் புரிகிறது. இந்தக் கட்டுரை அதற்கு எழுதும் பதில்.

1. ஒன்றரை ரோல்

ஒயர் கூடையைப் பார்க்காத தமிழ் வீடு இருக்காது. அது எப்படி உருவாகிறது என்பதை எழுத்தில் பார்ப்பதுதான் அரிது. அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பட்டையான பிளாஸ்டிக் ஒயர் கடையில் ரோல் கணக்கில் கிடைக்கும். கூடையின் அளவையும் ரோலில்தான் சொல்வார்கள்: ஒரு ரோல் கூடை, ஒன்றரை ரோல் கூடை, இரண்டு ரோல் கூடை. முதல் வேலை, அளந்து வெட்டுவது. அம்மா முழங்கையை அளவுகோலாக வைத்துக்கொள்வாள். கூடை எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம், எந்த வரிசையில் எந்த நிறம் என்பதெல்லாம் முதல் முடிச்சு விழும் முன்பே மனதில் முடிந்திருக்க வேண்டும். ஒயர் பாதியில் குறைந்தால் ஒட்டுப் போட வேண்டும். ஒட்டு வெளியே தெரியும். தெரிந்தால் கூலியில் பிடிப்பார்கள்.

சாதா முடிச்சு இப்படி: ஓர் ஒயரை மடித்துக் கண்ணியாக்கி, இன்னொன்றை அதன்மேல் வளைத்து, முனையைக் கண்ணிக்குள் நுழைத்து, நான்கு முனைகளையும் நான்கு பக்கமும் இழுத்தால் சதுரமாக ஒரு முடிச்சு இறுகும். அதன் பக்கத்தில் அடுத்தது. இப்படி அடி போட்டு முடித்ததும் ரன்னிங் ஒயர் சுற்றிச் சுற்றி மேலே ஏறும். விளிம்பில் மிஞ்சும் முனைகளை உள்பக்கம் திருப்பி முடிச்சுகளுக்குள் செருகி நறுக்குவார்கள். கடைசியில் கைப்பிடி. சுமை முழுவதும் அங்கேதான் தொங்கும் என்பதால், பழகிய கை மட்டுமே கைப்பிடி போடும். புதிதாகக் கற்றுக்கொள்ளும் பெண்கள் அதை மட்டும் அம்மாவிடம் கொண்டு வருவார்கள்.

என் மேசைக்கு அருகில் அம்மா பின்னிய கூடை ஒன்று இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன். அடியில் அகலத்துக்கு 8, நீளத்துக்கு 18, ஆக 144 முடிச்சு. சுற்றளவு 52, அதில் 22 வரிசை, ஆக 1,144. மொத்தம் 1,288 முடிச்சுகள், கைப்பிடி நீங்கலாக. ஒவ்வொரு முடிச்சுக்கும் இரண்டு கைகளாலும் இறுக்கி இழுக்க வேண்டும். பட்டை ஒயரின் விளிம்பு சுட்டுவிரல் மடிப்பில் ஓரே இடத்தில் அறுக்கும். அங்கே காய்ப்பு வரும்வரை துணி சுற்றிக்கொள்வார்கள். பாத்திரம் தேய்க்கும்போது சோப்பு அந்த வெடிப்பில் இறங்கும் எரிச்சலை நானும் அனுபவித்திருக்கிறேன்.

விருத்தாசலத்திலிருந்து அரியலூர் போகும் ரயில் பாதையில் இருக்கிறது பெண்ணாடம். எங்கள் தெருவில் மதியச் சாப்பாட்டுப் பாத்திரங்கள் கழுவி முடிந்ததும் நாலைந்து பெண்கள் எங்கள் வீட்டு நடையில் வந்து உட்காருவார்கள். பள்ளிக்கூடம் விடும்வரை பின்னல். சாதா முடிச்சு, சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று முடிச்சுகளுக்குப் பெயர்கள். கோயிலிலிருந்து ஒன்று, மரத்திலிருந்து ஒன்று, பெட்டிக்கடையிலிருந்து ஒன்று. அந்தப் பெயர்களை வைத்த பெண்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. நறுக்கிய மிச்சத் துண்டுகள் பிள்ளைகளுக்கு. நான்கு இழைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து மடித்துச் சதுரத் தூண் போல வளர்த்தால் சாவிக்கொத்து. நான் முதலில் பின்னியது அதுதான்.

2. சும்மா

ஒருமுறை வீட்டு விவரம் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தார். அம்மாவின் மடியில் பாதி முடிந்த கூடை. "என்ன வேலை செய்றீங்கம்மா?" என்று கேட்டார். "வேலைன்னு ஒண்ணுமில்ல. வூட்லதான் சும்மா இருக்கேன்" என்றாள் அம்மா, கையை நிறுத்தாமல். வந்தவர் 'இல்லத்தரசி' என்று எழுதிக்கொண்டு போனார். நான் அப்போது முனைவர் பட்ட ஆய்வு மாணவி. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் அதில் தவறு எதுவும் தோன்றவில்லை.

'சும்மா' என்ற சொல்லைத் தமிழ் மாணவிகள் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். சைவ மரபில் சும்மா இருத்தல் என்பது பெரும் நிலை. தாயுமானவர் அதற்காக உருகியிருக்கிறார். பெண்ணாடம், மெய்கண்டாரின் தந்தை அச்சுத களப்பாளர் வாழ்ந்த ஊர் என்பது மரபு. சித்தாந்தம் அறிந்த ஊர். அங்கே ஓர் ஆண் சும்மா இருக்கக் கற்றுக்கொண்டால் அவன் ஞானி. ஒரு பெண் சும்மா இருக்கிறாள் என்றால் அவளுக்குச் சம்பளம் இல்லை என்று பொருள். காலை ஐந்து மணிக்கு எழுந்து இரவு பத்து மணிக்குப் படுப்பவளைக் குறிக்க ஒரு மொழி இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்திருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தொண்ணூறுகளின் நடுவில் கடையில் ஒயர் கொடுத்துப் பின்னி வாங்கிக்கொள்வார்கள். ஒன்றரை ரோல் கூடைக்கு அம்மாவுக்குக் கிடைத்த கூலி 20 ரூபாய். மூன்று மதியம் பிடிக்கும். மதியத்துக்கு மூன்று மணி நேரம் என்றால் ஒன்பது மணி நேரம். மணிக்கு இரண்டே கால் ரூபாய்க்கும் குறைவு. அந்தக் கூடை என்ன விலைக்கு விற்றது என்று அம்மா கேட்டதில்லை. "கேட்டா ஒயர் குடுக்க மாட்டாங்க." விடுதியில் நான் தங்கிப் படித்தபோது மாதா மாதம் உணவுக் கட்டணத்தில் ஒரு பங்கு இந்தப் பணம். என் ஆய்வேட்டின் நன்றியுரையில் நெறியாளருக்கு அரைப் பக்கம். நூலகங்களுக்கு ஒரு பத்தி. அப்பாவின் 'தியாகத்துக்கு' ஒரு வரி. அம்மாவின் 'ஆசிக்கு' ஒரு வரி. ஆசிதான் அவள் கொடுத்தது என்று பல்கலைக்கழக ஆவணத்தில் நானே எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன்.

ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட நூல் ஒன்று இந்த இடத்தில் உதவுகிறது. ஆந்திராவின் நர்சாபூரில் சரிகைப் பின்னல் போலக் குரோஷா லேஸ் பின்னும் பெண்களைப் பற்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிகள் கற்றுக்கொடுத்த வேலை, பின்னர் வெளிநாட்டு ஏற்றுமதியாக வளர்ந்தது. பின்னியவர்கள் பெண்கள். வாங்கி விற்றவர்களும் ஏற்றுமதி செய்தவர்களும் பெரும்பாலும் ஆண்கள். நாளெல்லாம் பின்னிய பெண்களை ஊரும், வியாபாரிகளும், அந்தப் பெண்களும்கூட 'வீட்டில் இருப்பவர்கள்' என்றே சொன்னார்கள். ஓய்வு நேர வேலை என்று பெயர் வைத்துவிட்டால் குறைந்தபட்சக் கூலி கேட்க வேண்டியதில்லை, சங்கம் தேவையில்லை, கண் கெட்டால் மருத்துவச் செலவு தேவையில்லை. மீஸ் இதை இல்லத்தரசியாக்கம் என்று அழைத்தார். 'இல்லத்தரசி' என்பது இயல்பான நிலை இல்லை, உழைப்பை மலிவாக்குவதற்குச் செய்யப்படும் ஏற்பாடு என்பது அவர் வாதம். படிக்கும்போது நர்சாபூர் எனக்கு எங்கள் வீட்டு நடையாகவே தெரிந்தது.

இந்தியாவின் முதல் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு 2019இல் நடந்தது. குடும்பத்தாருக்காகச் செய்யும் ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் அதில் செலவழிக்கிறார்கள், ஆண்கள் 97 நிமிடங்கள் என்று அது சொன்னது. கூடை பின்னும் நேரம் இந்த 299 நிமிடங்கள் முடிந்த பிறகு தொடங்குகிறது. வீட்டிலிருந்து கூலிக்குச் செய்யும் வேலையும் வேலைதான் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் ஓர் உடன்படிக்கையே கொண்டுவந்தது. இந்தியா அதை ஏற்புறுதி செய்யவில்லை. எலா பட் 1972இல் அகமதாபாத்தில் தொடங்கிய சேவா அமைப்பு பீடி சுற்றுபவர்களையும் துணி தைப்பவர்களையும் தொழிலாளர் என்று அழைத்ததிலிருந்துதான் நம் நாட்டில் இந்தப் பேச்சு வலுப்பெற்றது. அழைக்கும் சொல் மாறினால் கேட்கும் உரிமையும் மாறும்.

3. உவமையாக மட்டும்

நான் என்ன செய்தேன்? கூடையை உவமையாக்கினேன். இதில் எனக்கு நீண்ட மரபு துணை இருக்கிறது.

சங்கப் பாடல்களில் நூல் நூற்கும் பெண்கள் வருகிறார்கள். நற்றிணையில் கபிலரின் பாட்டொன்றில், ஆண் துணையில்லாத பெண்கள் நூற்ற நுண்ணிய நூல் வருகிறது. மலைமேல் தவழும் மேகம் எப்படி இருக்கிறது என்று சொல்ல. புறநானூற்றில் பருத்திப் பெண்ணின் பஞ்சு வருகிறது. வள்ளலின் விருந்தில் பரிமாறிய இறைச்சித் துண்டு எப்படி இருந்தது என்று சொல்ல. இரண்டு பாட்டையும் ஆண்டுதோறும் நடத்துகிறேன். உவமை நயம் என்று கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். நயம் உண்மைதான். கைம்பெண் இரவும் பகலும் நூற்றுத்தான் வயிறு கழுவினாள் என்ற சமூகச் செய்தி அந்த உவமைகள் வழியாகத்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது என்பதும் உண்மைதான். ஆனால் பாட்டு எதைப் பற்றியது என்று கேட்டால் மலை, வள்ளல், தலைவன். அவள் உவமானம். உவமேயம் ஆகவில்லை.

உலகின் மறு கோடியிலும் இதே பிளாஸ்டிக் இழை ஒரு புகழ்பெற்ற கவிதைக்குள் போயிருக்கிறது. ஐம்பதுகளின் இறுதியில் பிரான்ஸில் பிள்ளைகளிடம் இந்த இழை பெரிய மோகமாகப் பரவியது. சாஷா டிஸ்டெல் பாடிய ஒரு பாட்டின் பெயரால் அதை ஸ்கூபிடூ என்றார்கள். அமெரிக்காவில் கோடை முகாம்களில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பார்கள். கழுத்தில் மாட்டும் லேன்யார்ட் கயிறு அதில் பின்னுவது. எங்கள் சாவிக்கொத்துப் பின்னலின் உறவுக்காரக் கயிறு. அமெரிக்கக் கவிஞர் பில்லி காலின்ஸின் 'தி லேன்யார்ட்' என்ற கவிதையில், ஏரிக்கரை முகாமில் ஒரு சிறுவன் அதைப் பின்னி அம்மாவுக்குக் கொடுக்கிறான். அம்மா உயிர் கொடுத்தாள், பால் கொடுத்தாள், நோயில் பார்த்துக்கொண்டாள். பதிலுக்கு எதற்கும் உதவாத இந்தக் கயிறு. கணக்கு நேராகிவிட்டது என்று அந்தச் சிறுவன் நம்பினான் என்பதுதான் வளர்ந்த கவிஞரின் குறும்பும் வருத்தமும்.

அந்தக் கவிதை எனக்குப் பிடிக்கும். மாணவிகளுக்கு மொழிபெயர்த்துச் சொன்னபோது கண் கலங்கியவர்கள் உண்டு. ஒரு மாணவி மட்டும் எழுந்து, "மேடம், எங்க வீட்ல அந்தக் கயித்தப் பின்றதே எங்கம்மாதான். அதுல வந்த காசுலதான் நான் பஸ் பாஸ் எடுத்தேன்" என்றாள். அந்தக் கவிதை நடப்பதற்கு ஒரு நிபந்தனை வேண்டும்: இழை விளையாட்டுப் பொருளாக இருக்க வேண்டும், நேரம் மிஞ்சிக் கிடக்க வேண்டும். அங்கே பயனின்மைக்கு அடையாளமான பொருள், திட்டக்குடி வட்டத்தில் விடுதிக் கட்டணம். ஒரே நான்கு இழை. கடனைத் தீர்க்கத் துடிக்கும் மகனின் கையில் அது கவிதையாகிறது. கடனே வாங்காமல் மகளைப் படிக்க வைக்கும் அம்மாவின் கையில் அது 'சும்மா' ஆகிறது.

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' 1988இல் தொகுப்பாக வந்த பிறகு, சமையலறையை நாம் வேறு விதமாகப் படிக்கக் கற்றுக்கொண்டோம். அடுப்பு ஓர் அதிகார மையமாகவும் சிறையாகவும் தெரியத் தொடங்கியது. சமையலறைக்கும் தெருவுக்கும் நடுவில் இருக்கும் நடை, திண்ணை, மதியம் இரண்டு முதல் ஐந்து ஆகியவற்றுக்கு அந்த அளவு வாசிப்பு நம்மிடம் இன்னும் உருவாகவில்லை. பெண் காசு சம்பாதித்துக்கொண்டே சம்பாதிக்காதவளாக உட்கார்ந்திருக்கும் இடம் அது.

4. ஊரின் கதையில் ஒரு கை

கைகளைப் பற்றிப் பெண்ணாடத்துக்காரி எழுதும்போது கலிக்கம்ப நாயனாரைத் தாண்ட முடியாது. எங்கள் ஊர் நாயனார். அடியார்களை வீட்டுக்கு அழைத்துக் கால் கழுவி அமுது படைப்பது அவர் தொண்டு. மனைவி கரகத்திலிருந்து நீர் வார்ப்பார், அவர் கால் விளக்குவார். ஒருநாள் வந்த அடியார் கூட்டத்தில், முன்பு அந்த வீட்டில் ஏவல் செய்து பின் வெளியேறியவர் சிவவேடத்தில் இருந்தார். மனைவி அவரை அடையாளம் கண்டு நீர் வார்க்கத் தயங்கினார். நாயனார் கரகத்தை வாங்கிக்கொண்டு, அந்தக் கையை வெட்டினார். பிறகு தாமே நீர் வார்த்துக் கால் கழுவி அமுது படைத்தார். சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் விரித்துச் சொன்ன கதை இது. அவருக்கு முன்பே சுந்தரரின் திருத்தொண்டத்தொகை அவரைக் கை வெட்டிய செயலாலேயே அடையாளம் சொல்கிறது.

சமத்துவக் கதை என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. பணியாளாக இருந்தவன் அடியாராகிவிட்டால் உயர்வு தாழ்வு இல்லை. அந்த வாசிப்பை நான் முழுதாகத் தள்ளவில்லை. மனைவியின் தயக்கத்தில் எசமானித் திமிர் இருந்தது. ஆனால் யார் காலில் நீர் வார்க்கலாம், யார் காலில் கூடாது என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தது அந்த வீடும் ஊரும்தான். அந்தப் பாடத்தைத் திருத்தும் செலவு அவள் கையிலிருந்து வசூலிக்கப்பட்டது. நாயனாருக்குப் பெயர் இருக்கிறது, குருபூசை இருக்கிறது. அவளுக்குப் பெயர் இல்லை. அந்தக் காயத்துக்கு மருந்து போட்டது யார் என்று பாட்டு சொல்வதில்லை.

அந்தக் கோயில் தெருவில்தான் நான் வளர்ந்தேன். ஊர்ப்பெயருக்குத் தலபுராணம் சொல்லும் விளக்கமும் பெண்களில்தான் தொடங்குகிறது: பூப்பறித்து வர அனுப்பப்பட்ட தேவகன்னியர், அவர்களைத் தேடி வந்த காமதேனு, அதைத் தேடி வந்த ஐராவதம், பெண், ஆ, கடம். வேலைக்கு அனுப்பப்பட்ட பெண்கள் திரும்பாமல் தங்கிவிட்ட ஊர்.

சாதியை விட்டுவிட்டு ஒயர் கூடையைப் பற்றிப் பேசினால் நானும் பாதிக் கதைதான் சொல்கிறேன். மூங்கில் கூடை முடைவது இங்கே சில சாதிகளுக்கு ஒதுக்கப்பட்ட வேலை. அவர்களைத் தாழ்வாகப் பார்த்தது எங்களைப் போன்ற இடைநிலைச் சாதி வீடுகள். என் பாட்டி மூங்கில் சிம்பைத் தொட்டு அம்மாவைக் கூடை முடைய விட்டிருக்க மாட்டாள். பிளாஸ்டிக் ஒயருக்கு முன்னோர் இல்லை. கடையிலிருந்து வந்தது, நிறம் நிறமாக இருந்தது, எந்தச் சாதியின் பெயரும் அதில் ஒட்டியிருக்கவில்லை. அதனால்தான் எங்கள் நடையில் அது நுழைய முடிந்தது. அம்மாவின் மதிய வருமானத்துக்கு அது வழி திறந்தது. அதே நேரம் வாரச்சந்தையில் மூங்கில் கூடை விற்ற பெண்ணின் வியாபாரத்தில் எங்கள் கூடைகள் எவ்வளவு கைவைத்தன என்று நடையில் உட்கார்ந்த யாரும் கேட்டுக்கொண்டதில்லை. தயங்கிய அந்தக் கை எங்கள் வீட்டிலும் இருந்தது.

5. எது கலை, எது பிளாஸ்டிக்

பத்தமடைப் பாய்க்கும் செட்டிநாட்டுக் கொட்டானுக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நியாயமான பெருமை. பக்கத்து விருத்தாசலத்தில் பீங்கானுக்குத் தொழிற்பேட்டை உண்டு, டிப்ளமோ நடத்தும் அரசுக் கல்வி நிலையம் உண்டு. மண்ணும் சூளையும் தொழில் என்று ஒப்புக்கொள்ளப்பட்டவை. கோரையும் ஓலையும் மரபு என்று ஒப்புக்கொள்ளப்பட்டவை. ஒயர் கூடை இரண்டிலும் சேரவில்லை. தொழில் என்று சொல்ல அதற்குக் கூரை இல்லை, மரபு என்று சொல்ல அதற்கு வயது போதாது, கலை என்று சொல்ல அது பிளாஸ்டிக்.

பிளாஸ்டிக் என்ற குற்றச்சாட்டை மெதுவாகக் கடந்துபோக நான் விரும்பவில்லை. அது மண்ணில் மக்காது. ஆனால் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பொருட்களுக்கு. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' தொடங்கியதும் கையில் பையோடு கடைக்குப் போகும் பழக்கத்தை மீட்கத்தான். ஒயர் கூடைக்காரிகள் அந்தப் பழக்கத்தை விட்டதே இல்லை. என் மேசை அருகில் இருக்கும் கூடைக்குப் பதினேழு வயது. உறைக்குள் உறை போட்டு இணையத்தில் பொருள் வாங்கும் என்னைப் போன்றவர்கள், காய்கறிக்காரம்மாவின் கூடையைப் பார்த்துச் சுற்றுச்சூழல் பாடம் எடுப்பதில் ஒரு வர்க்கக் கூச்சமாவது இருக்க வேண்டும்.

இப்போது நகரத்துக் கடைகளில் இதே கூடைக்கு மவுசு வந்திருக்கிறது. வெளிர் நிறங்களில், கல்யாணத் தாம்பூலப் பையாக, கலைப்பொருளாக. ஆலிஸ் வாக்கர் 1973இல் எழுதிய 'எவரிடே யூஸ்' சிறுகதையில் பாட்டி தைத்த ஒட்டுப் போர்வைக்கு இரண்டு பேத்திகள். படித்தவள் அதைச் சுவரில் மாட்டக் கேட்கிறாள். படிக்காதவள் அதைப் போர்த்திக்கொள்வாள், அவளுக்கு மட்டும்தான் அதைத் தைக்கவும் தெரியும். தாய் இரண்டாமவளிடம் கொடுக்கிறாள். அந்தக் கதையை முதலில் படித்தபோது நான் இரண்டாமவள் பக்கம் நின்றேன். என் கவிதையில் கூடை எங்கே இருக்கிறது? சுவரில், ஆணியில், காலியாக. எங்கள் வீட்டில் எந்தக் கூடையும் காலியாகத் தொங்கியதில்லை. ஒன்றில் வெங்காயம் இருக்கும், ஒன்றில் துவைக்க வேண்டிய துணி இருக்கும். கவிதைக்காக அதைக் கொட்டிக் காலி செய்தது நான்.

6. மறுபதிப்பு

சென்ற ஆண்டு முதுகலை மாணவிகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். வீட்டில் ஒரு பெண் கையால் செய்யும் ஏதாவதொன்றை எழுத வேண்டும். ஒரே ஒரு கட்டுப்பாடு: அதை எதற்கும் உவமையாக்கக் கூடாது. எவ்வளவு நேரம், எவ்வளவு பொருள், யார் வாங்குகிறார், என்ன கொடுக்கிறார், உடம்பில் எங்கே வலிக்கிறது என்று கேட்டு எழுத வேண்டும். பூக்கட்டுதல், முறுக்கு சுற்றுதல், பிளவுஸ் கொக்கி வைத்தல், பீடி என்று முப்பது கட்டுரைகள் வந்தன. பலருடைய முதல் வரியும் ஏறக்குறைய ஒன்றுதான்: 'அம்மாவிடம் கேட்டபோது சும்மா செய்வதாகச் சொன்னார்.' கேட்கக் கேட்கத்தான் கணக்கு வெளியே வந்தது. ஒரு மாணவி, தன் அம்மா மாதச் சம்பாத்தியத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு, "இவ்ளோவா?" என்று தானே அதிர்ந்ததாக எழுதியிருந்தாள். அந்தத் தொகை குறைவுதான். தன் வாழ்நாளில் முதல்முறையாக அதைக் கூட்டிப் பார்த்திருக்கிறார்.

அம்மாவுக்கு இப்போது விரல் மூட்டுகள் வீங்கியிருக்கின்றன. பின்னுவதை நிறுத்திச் சில வருடங்கள் ஆகின்றன. இன்றைக்குப் பெண்கள் கைப்பேசியில் காணொளி போட்டு முடிச்சு சொல்லித் தருவதைப் பார்ப்பாள். "அடி போடறப்பவே இழுத்து இறுக்கணும், இவ தளர வுட்றா" என்று திரையிடம் சொல்வாள். அவர்களுக்குப் பெயர் இருக்கிறது, பின்னியவள் குரல் கேட்கிறது என்பது எனக்கு மகிழ்ச்சி. கூலி இப்போதும் ரோல் கணக்குதான் என்று தெருவில் இன்னும் பின்னும் அக்கா சொன்னார்.

பதிப்பாளரிடம் அந்தக் கவிதையை நீக்கச் சொல்லலாமா என்று யோசித்தேன். நீக்கினால் என் தவறுதான் மறையும், கூடையும் சேர்ந்து போகும். அதனால் கவிதை அப்படியே இருக்கட்டும், அடியில் ஒரு குறிப்பு மட்டும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்: 'இந்தக் கூடை ஒன்றரை ரோல். பின்னியவர் என் அம்மா. மூன்று மதியங்கள். கூலி 20 ரூபாய்.'

தொலைபேசியில் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இந்த முறையும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"சிவன் கண்ணுக்கு இருவத்தஞ்சு குடுத்தாங்க பாப்பா. அது கஷ்டமான முடிச்சு. இருவதுன்னா சாதாதான். மாத்தி எழுது."

மாற்றிவிட்டேன்.